தெஸ்ஸோ என்றால்

…இல்லை, முதலில் சிரித்துவிடக் கூடாது, சொல்லைச் சொல்லி முடித்த பிறகுதான் சிரிக்க வேண்டும், சிரித்துக்கொண்டே சொன்னால் நடுவிலிருக்கிற அழுத்தம் காற்றாகப் போய்விடும், அப்புறம் அவனுக்கு என்ன புரியும், தெஸ்ஸோ, தெஸ்ஸோ… மேகலா உதட்டை அசைக்காமல் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வரிசை நகரவில்லை. காட்பாடி ரோட்டில் புதிதாகத் திறந்த மாலின் கீழ்த்தளம் முழுக்க ஆள், மேலே ஒவ்வொரு மாடிக் கைப்பிடியிலும் தலைகள், ஏசி இருக்கிறதுதான், ஆனால் இத்தனை பேர் விடுகிற மூச்சுக்கு எந்த ஏசி தாங்கும்? வெயிலும் ஜெயிலும்தான் வேலூர் என்று கிண்டல் செய்வார்கள், அந்த ஊருக்குக் கொரியாவிலிருந்து பாட்டுக்காரப் பையன்கள் வருவார்கள் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள். போன் கம்பெனிக்காரன் கூட்டிவந்திருக்கிறான், இங்கே படிக்கிற வடகிழக்குப் பிள்ளைகள் இந்தப் பாட்டுக்கு உயிரை விடுவார்கள் என்று அவன் காதில் யாரோ போட்டிருக்க வேண்டும். ஐந்து பேர், ஃபைவ் ஓ கிளாக் என்று கோஷ்டிக்குப் பெயர், கொரியாவிலேயே அவ்வளவு பெரிய கோஷ்டி இல்லையாம், இருக்கட்டுமே, பெரிய கோஷ்டி வேலூருக்கு எதற்கு வரப்போகிறது. புதுப் போன் வாங்கியவர்களுக்கு மட்டும் ஓர் அட்டை கொடுத்து, மேடையேறி அதில் ஐந்து பேரிடமும் கையெழுத்து. நீள மேஜையில் கடைசியாக உட்கார்ந்திருக்கிறானே, மெலிந்தவன், அவன்தான் தோயுன். அவன் முன்னால் நிற்கப்போகிற இரண்டு மூச்சு நேரத்தில் அவன் தலையைத் தூக்கி அவளை ஒரு தரம் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் ஏறி இறங்குகிற யாரையும் அவன் பார்ப்பதாகத் தெரியவில்லையே… கண்ணை அட்டையில் வைத்து, சிரிப்பை முகத்தில் வைத்து, கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பாஷையில் ஒரு சொல் சொன்னால் பார்ப்பான். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? வெளியூரில் தமிழ்க் குரல் கேட்டால் நாம் திரும்புவதில்லையா?

அந்தச் சொல் அவளுக்குப் பே சார் கொடுத்தது. கொடுத்தது என்ன, அவர் பாட்டுக்குச் சொன்னார், கம்பெனித் தையல் லைனில் இருந்தவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். ஆம்பூரில் அவள் வேலை செய்கிற ஷூ கம்பெனிக்குக் கொரியாவிலிருந்து வந்த டெக்னீஷியன், பே என்பது குடும்பப் பெயராம், பெண்கள் முதல் நாளே அதோடு ஒரு ‘ய்’ சேர்த்துவிட்டார்கள். வந்த வாரத்திலேயே ரகளை. முனவ்வர் பேகம் தைத்துக் கொடுத்த ஜோடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் மடியில் போட்டு, “தாசி, தாசி” என்றார் மனிதர். மொத்த லைனும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துகொண்டது. முனவ்வருக்குக் கண்ணெல்லாம் சிவந்து, “நா யாருன்னு நெனச்சான் அவன்?” என்று கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டாள். பிறகு மேனேஜர் ஓடிவந்து, சென்னையிலிருந்து போனில் ஆள் பிடித்து, தாசி என்றால் அவர்கள் பாஷையில் ‘மறுபடி செய்’ என்று தெரிந்துகொண்டு வந்து சொன்ன பிறகுதான் மிஷின் ஓடியது. அதற்கு அர்த்தம் கேட்டார்கள், சரி. தெஸ்ஸோவுக்கு யாரும் கேட்கவில்லை. ஜோடி நன்றாக இருந்தால் கட்டைவிரலால் ஷூவின் மூக்கை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, தெஸ்ஸோ என்று பெட்டியில் போடுவார், அதற்குப்போய் என்ன அர்த்தம் கேட்பது? திட்டினால்தானே அர்த்தம் கேட்பார்கள், பாராட்டினால் யார் கேட்பார்கள். அதிலிருந்து லைனில் எல்லாமே தெஸ்ஸோ. முனவ்வர் வீட்டுப் பிரியாணி தெஸ்ஸோ, பக்ரீத்துக்கு எடுத்த சுடிதார் தெஸ்ஸோ, தங்கச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளை தெஸ்ஸோவா, பரவாயில்லையா? பே சார் சாம்பிள் ரூமில் போட்டுக் கேட்கிற பாட்டுகூட அப்படித்தான் வந்தது, அவள் உட்கார்கிற செக்கிங் மேஜைக்கும் அந்த ரூமுக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான், ஒரு குரல் மட்டும் தழைந்து தழைந்து வந்து அவள் கையை நிறுத்திவிடும். யார் இது என்று கேட்டு, மெமரி கார்டில் ஏற்றி வாங்கி, பிரவுசிங் சென்டரில் போய்ப் படம் பார்த்து… தோயுன். இன்றைக்கு மேகலாவுக்குக் காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருப்பாள் முனவ்வர். “அஞ்சு மணிப் பசங்களப் பாக்கறதுக்கு ஜொரமாடி? ஒரு நாள் ஜொரம்னுதான் சொல்வேன், அதுக்கு மேல ஜாஸ்தி இழுத்தேன்னா நீயே பேஜார் ஆய்டுவ” என்று நேற்றே சொல்லிவிட்டாள்.

இருபத்தொன்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று வரிசையில் இருக்கிற பிள்ளைகள் நினைப்பார்களோ? இந்தக் கூட்டத்தில் புடவை கட்டிவந்தவள் அவள் ஒருத்திதான், அதுவும் பின் குத்திக்கொண்டு, ஸ்கூல் டீச்சர் மாதிரி. நினைத்தால் நினைக்கட்டும், ஆசை யாரை விட்டது. பார்க்க வேண்டும் என்றால் என்ன பார்வை என்று இவர்களுக்குத் தெரியுமா? பெண் பார்க்க வந்தவர்களும் அவளைப் பார்த்தார்கள்தான், பையனைப் பெற்ற அம்மாள் அவள் நடையைப் பார்த்தாள், அவன் அப்பா கூரையைப் பார்த்தார், அந்தப் பையன் டிவியில் ஓடிய கிரிக்கெட்டைப் பார்த்தான், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அவள் அப்பா வேலாயுதம் இன்னும் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறார். லைனிலும் பார்க்கிறார்கள், கையைப் பார்க்கிறார்கள், தையலைப் பார்க்கிறார்கள், கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அவளும் அப்படித்தானே, யார் ஷூ போட்டுக்கொண்டு எதிரே வந்தாலும் முகத்துக்கு முன்னால் கால்தான் கண்ணில் படுகிறது. அந்தக் குரல் அப்படி இல்லை, அது நேராக அவளைப் பார்த்துப் பாடுகிற மாதிரி இருக்கும், பைத்தியக்காரத்தனம்தான், தெரியும், உலகத்தில் எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டிருப்பார்களோ… தெரிந்து என்ன செய்ய. அந்தப் பார்வை நிஜமாகவே ஒன்று இருக்கிறதா என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும், அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் கழுத்தை நீட்டிவிடலாம்.

திடீரென்று மேடைப் பக்கம் ஒரு சலசலப்பு, கறுப்புச் சட்டைக் கொரியாக்காரர் ஒருவர் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார், மைக்கில் யாரோ ஃபிளைட் என்கிறார்கள், டைம் என்கிறார்கள். பாதுகாப்புக்காரர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வரிசையை வெட்ட வருகிறார், எங்கே வெட்டுவார், அவளுக்கு முன்னாலா பின்னாலா, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ, கடவுளே, காய்ச்சல் என்று பொய் சொன்னதற்கா இது? பின்னால் நின்ற நர்ஸிங் பிள்ளை அவள் தோளைத் தொட்டது. மிசோரம் பிள்ளை, ருவாதி என்று காலையிலேயே பெயர் சொல்லியிருந்தது, தமிழை வார்டில் கற்றுக்கொண்டிருக்கிறது. “அக்கா, பயப்படாதீங்க. மூச்சு நல்லா இழுங்க. விடுங்க.” மேகலா இழுத்தாள், விட்டாள். கயிறு ருவாதிக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் விழுந்தது. அப்பாடா என்று நினைக்கக்கூட நேரமில்லை, கறுப்புச் சட்டைக்காரர் மேஜையோரம் நடந்துகொண்டே அந்த ஐந்து பேரையும் பார்த்து, “பல்லி பல்லி” என்று விரட்டினார். மேகலா திடுக்கிட்டாள். பே சாரும் அதையேதான் சொல்வார், கண்டெய்னர் கிளம்புகிற வாரத்தில், அதே அவசரத்தில், அதே கையசைப்பில், பெண்கள் சுவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவார்கள். இவர்களையுமா அப்படி விரட்டுவார்கள்? மேடையில் இருக்கிறவனையுமா? வரிசை இப்போது ஓட ஆரம்பித்திருந்தது.

படி ஏறினாள். முதல் பையன் கிறுக்கினான், இரண்டாமவன் கிறுக்கினான், யார் முகமும் மனதில் நிற்கவில்லை, அட்டை மட்டும் கை மாறிக்கொண்டே போயிற்று, கன்வேயரில் போகிற பெட்டி மாதிரி. தெஸ்ஸோ, சிரிக்கக் கூடாது, தெஸ்ஸோ… மேஜைத் துணி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது, பழக்கதோஷம், கண் கீழே போய்விட்டது. தோயுனுடைய வெள்ளை ஷூவில் வலது குதிகால் வெளியே இருந்தது. பின்பக்கம் மிதித்து மடங்கியிருந்தது, குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி சுருண்டு, சாக்ஸில் காய்ந்த ரத்தம். ஒரு நம்பர் சின்ன ஷூ, எவனோ அளவு பார்க்காமல் வாங்கிக் கொடுத்திருக்கிறான், இதைப் போட்டுக்கொண்டா கையெழுத்துக்கு முன்னால் அரை மணி நேரம் குதித்து ஆடினான், சிரித்துக்கொண்டே? நிமிர்வதற்குள் அட்டை அவன் கைக்குப் போய்விட்டது, அவன் எழுத ஆரம்பித்துவிட்டான், கண் அட்டையில், சிரிப்பு முகத்தில், இப்போது சொல்லாவிட்டால் எப்போது, அவள் குனிந்து சொன்னாள், ஒத்திகை பார்த்த மாதிரி வரவில்லை, தாழ்ந்து, அடைத்த குரலில், அழுகிற குழந்தையிடம் சொல்கிற மாதிரி வந்தது. தெஸ்ஸோ.

பேனா நின்றது. அவன் தலையைத் தூக்கினான். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது, கோபமில்லை, சந்தோஷமும் இல்லை, ஒன்றுமே போடாத முகம், படத்தில் பார்த்ததைவிட ரொம்பச் சின்னப் பையன், கண்ணுக்குக் கீழே மாவு பூசியும் மறையாத கறுப்பு. பார்த்தான். அவளைத்தான், வேறு யாரையும் இல்லை, புடவையை, பின்னை, இருபத்தொன்பது வயதை எல்லாம் தாண்டி நேராக அவளை. உதடு அசைந்தது, ஒரு சொல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அஜிக்யோ. அதற்குள் கறுப்புச் சட்டைக்காரரின் கை அவள் முழங்கையில் பட்டது, அட்டை கைக்கு வந்தது, திரும்பிப் பார்க்கும்போது அவன் அடுத்த அட்டையில் குனிந்திருந்தான், சிரிப்பு பழையபடி ஏறியிருந்தது. கால் தரையில் பாவவில்லை அவளுக்கு. பார்த்துவிட்டான். போதும், வேறு என்ன வேண்டும், பார்த்துவிட்டான்.

வெளியே மாலின் படிக்கட்டில் ருவாதி வந்து பிடித்துக்கொண்டாள். “அக்கா, அவன்கிட்ட என்ன சொன்னீங்க? முகம் ஒரு மாதிரி ஆச்சு.” மேகலா வெட்கத்தோடு, “தெஸ்ஸோன்னு சொன்னேன். சூப்பர்னு அர்த்தம்” என்றாள். ருவாதி வாயைப் பொத்திக்கொண்டாள். “சூப்பர் இல்ல அக்கா. கொரியன் சீரியல்ல வரும். சண்டை போடுவாங்க, அப்போ சொல்லுவாங்க. போதும். விட்டுடு. அந்த மாதிரி.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற அர்த்தமும் இருக்கும் அக்கா, எனக்கு எல்லாம் தெரியாது” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். போதும், விட்டுடு… ரத்தம் காய்ந்த காலோடு உட்கார்ந்து சிரிக்கிறவனிடம் போய், ஆழம் தெரியாமல் காலை விட்டவள் மாதிரி, போதும் விடு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாளா? ஆட்டம் போதும், உன் லட்சணம் போதும் என்று கேட்டிருக்குமோ அவனுக்கு? காது கொதித்தது. அப்படியானால் பே சார்… மூன்று வருஷமாக ஒவ்வொரு ஜோடிக்கும் போதும் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாரா, அதைக் கேட்கத்தானா லைனே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பிரியாணியிலிருந்து மாப்பிள்ளை வரைக்கும் அந்தச் சொல்லால் கொண்டாடியது? அதுகூட அவர்களிடம் சொன்னதில்லை. ஷூவிடம் சொன்னது. அவளிடம் யார் சொல்லியிருக்கிறார்கள், போதும் மேகலா, விட்டுடு, கொஞ்சம் உட்கார் என்று? வீட்டில்? லைனில்? யாராவது ஒருத்தர் குனிந்து மெதுவாக அப்படிச் சொன்னால் அவள் முகமும்தான் அப்படி ஆகியிருக்கும்… ருவாதி கேட்டுக்கொண்டே இருந்தாள். “அவன் ஏதோ சொன்னானே அக்கா, என்ன சொன்னான்? சொல்லுங்க, நான் அர்த்தம் பாக்கறேன்.” மேகலா, “ஒண்ணும் சொல்லல” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொண்டது போதாதா, ஒரே நாளில் இன்னொன்றா? அர்த்தம் வந்தால் அந்தப் பார்வைக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும், பிறகு அது என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. அட்டையைப் பையிலிருந்து எடுக்கவில்லை, அதில் இருப்பது பாதிக் கையெழுத்துத்தான், கோடு நடுவில் நின்று, பிறகு எங்கோ ஓடியிருந்தது. அஜிக்யோ, அஜிக்யோ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள், இந்தத் தடவை ஒத்திகைக்கு அல்ல, தொலைந்துவிடாமல் இருக்க. டிரைவர் பாட்டுப் போட்டார், அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பள்ளிகொண்டா தாண்டும்போது அஜிக்கா, ஆஜிக்கா என்று ஒரு சந்தேகம் வந்தது. மாதனூர் வரும்போது அது ஆசிக்கியோ ஆகியிருந்தது, இல்லை, ‘ஆ’ அவ்வளவு நீளமில்லை, அவன் குறுக்கித்தான் சொன்னான், கடைசியில் ‘யோ’ இருந்தது நிச்சயம், நிச்சயமா? ஆசையோ என்று வாய் தன்னால் சொன்னது, சீ, அது நம் சொல், அவன் எதற்கு அதைச் சொல்லப்போகிறான். பேசாமல் ருவாதியிடம் சொல்லியிருக்கலாம், அப்போது சரியாக இருந்தது. திங்கட்கிழமை பே சாரிடம் கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டுமென்றால் சொல்லைச் சரியாகச் சொல்ல வேண்டும், எங்கே கேட்டாய் என்பார், காய்ச்சல் என்றாயே என்பார், அதுகூடப் பரவாயில்லை, சொல் போய்க்கொண்டிருக்கிறதே… ஆம்பூர் விளக்குகள் தெரிந்தன, தோல் வாசனை ஜன்னல் வழியாக வந்தது, இறங்குகிறவர்கள் எழுந்து நின்றார்கள். மேகலா எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு தடவை அந்த முகத்தை நினைவில் நிறுத்தி, உதடு எப்படி அசைந்தது என்று பார்த்தாள். உதடு அசைந்தது, தெளிவாக அசைந்தது, ஆனால் அதிலிருந்து அவள் குரல்தான் வந்துகொண்டிருந்தது.