வீ. அம்புஜம்

ஒரு பெண்ணுக்கு இனிஷியலைத் தகப்பன் கொடுப்பான், பிறகு புருஷன் கொடுப்பான். அம்புஜத்துக்கு இரண்டு பேருமே நான்தான். அதனால் வீரய்யாவின் 'வீ'யை முன்னால் போட்டுக் கொடுத்தேன். அம்புஜம் யாரென்று கேட்டால், அதுவும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி வேலாயி மஸ்கெலியாக் கடைத்தெருவுக்குப் போய்விடுவாள். நான் எங்கள் லயத்து வரிசை வீட்டின் காம்பராக் கதவைச் சாத்திவிட்டு, அவளுடைய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அம்புஜமாக இருப்பேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பிறகு தாளை எடுத்துக் கையெழுத்துப் பழகுவேன். நான் வேலை பார்க்கும் தேயிலை ஸ்டோர்ப் புத்தகத்தில் போடும் 'வீரய்யா' நனைந்த கோழி மாதிரி இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது. அம்புஜத்துக்கு மட்டும் மூன்று வருஷம் உழைத்தேன். 'ஜ'வின் சுழி பெரிதானால் திமிர்பிடித்தவளாகத் தெரிந்தாள், சிறிதானால் அழுமூஞ்சியாக. கடைசி எழுத்தின் வாலை இடப்பக்கம் இழுத்துப் பெயருக்கு அடியில் ஓடவிட்ட அன்றைக்குத்தான் முழுதாக வந்து நின்றாள். என்ன பிரயோசனம்? பார்க்க ஒரு ஆள் இல்லை.

அந்த வருஷ மழையில் பிள்ளைக்காம்பராக் கூரை ஒழுகியது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் கைக்குழந்தைகள் நனைந்து இருமின. பெண்கள் நாற்பது பேர் பெருவிரல் அடையாளம் வைத்து அனுப்பிய மனுவைத் தோட்டத்துத் துரை திருப்பிவிட்டார். விரல் யாருடையதாகவும் இருக்கலாமாம், கையெழுத்துப் போட ஒருத்திகூட இல்லையா என்றாராம். சங்கத் தலைவர் சோலைமலை புது மனு எழுத என்னிடம் வந்தார். ஐந்தாம் வகுப்பு படித்த பாவம், எழுதினேன். அடியில் அழகாக 'வீ. அம்புஜம்' என்று போட்டேன். பிள்ளைகளுக்காகப் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். பொய். யாராவது பார்க்கட்டும் என்றுதான் போட்டேன்.

"யாருப்பா இது?" என்றார் சோலைமலை.

"ஆளு இருக்கு தலைவரே" என்று மழுப்பினேன்.

துரை கூரைக்குச் சம்மதித்தார். ஆனால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஆள் பொய்யென்றால் கூரையும் கிடையாது, சோலைமலைக்கு வேலையும் கிடையாது. உண்மையைச் சொன்னால் தோட்டமே சிரிக்கும்; மறைத்தால் சோலைமலை ஐந்து பிள்ளைகளோடு தெருவில் நிற்பார்.

பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். துரைக்குப் பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் கூப்பிட்டார்.

"ஆர் இந்த அம்புஜம்? முன்னுக்கு வா."

நடப்பது நடக்கட்டும் என்று நான் காலை எடுத்தேன். அதற்குள் கூடையோடு வேலாயி முன்னால் போய்விட்டாள்.

"நாந்தாங்கய்யா. செக்ரோல்லதான் வேலாயி. வீட்டுல அம்புஜம்."

அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் சம்பளக் கணக்கான செக்ரோலில் ஒரு பெயர், லயத்தில் ஒரு பெயர். கிளாக்கர் மட்டும் விடவில்லை.

"நீ கைநாட்டு எல்லோ வைக்கிறனி?"

"வெரலக் கேட்டீங்க, வச்சேன். கையெழுத்த யாருங்க கேட்டா?"

பேனாவை நீட்டினார். வேலாயிக்கு 'அ'னாவே தெரியாது என்று எனக்குத் தெரியும். கரண்டியைப் பிடிப்பது போலப் பேனாவைப் பிடித்து நிதானமாக வரைந்தாள். சுழி சரியாக விழுந்தது. வால் இடப்பக்கம் திரும்பி அடியில் ஓடியது. துரை இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சாயந்தரம் அடுப்படியில் கேட்டேன்.

"எப்பிடிடீ?"

"நீங்க எழுதி எழுதி அடுப்புல போடுற தாள யாரு பத்தவைக்கிறா? பாக்க நல்லாருந்துச்சு, பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட என்ன பேருன்னு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சாம்பல்ல வரஞ்சு வரஞ்சு பாத்தேன்."

"அப்ப நான் சேல கட்டுறதும் தெரியுமா?"

"வாரா வாரம் மஸ்கெலியாவுல எனக்கு அப்பிடி என்னங்க வேல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் நான் ஒளிந்துகொண்டிருந்ததாக நினைத்ததெல்லாம் அவள் விட்டுக்கொடுத்த இடம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். இருந்தாள். சேலை மடிப்பைக்கூட அவள்தான் சரிசெய்துவிட்டாள். நான் தாளை எடுத்து உட்கார்ந்ததும் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வேற பேரு பாத்துக்கங்க. அம்புஜம் இனிமே எனக்கு வேணும். இத்தன வருசத்துல எம்பேருக்குன்னு ஒரு வெரலுதான் இருந்துச்சு."

மூன்று வருஷ உழைப்பு! ஆனாலும் தாளை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.