பதினேழாம் நம்பர் கல்

முகட்டுப்பட்டியில் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் தலையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் கிழக்கே ஓடினால் அவர் தமிழ்நாடு. மேற்கே ஓடினால் கேரளம். மழைக்கும் அங்கே அதுதான் சட்டம். கிழக்குச் சரிவில் விழுந்தது வைகைக்குப் போகும். மேற்கில் விழுந்தது பெரியாற்றுக்குப் போகும்.

ஊரின் வரலாறு நீளமானதல்ல. உப்பு மூட்டை சுமந்து மலையேறிய பொதிமாடுகள் முகட்டைத் தொட்டதும் படுத்துவிட்டன. அவை எழுந்திருக்கும்வரை தங்கலாம் என்று ஆட்கள் குடிசை போட்டார்கள். மாடுகள் இன்னும் எழவில்லை. பள்ளிக்கூடத்தை அவற்றைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறார்கள்.

மாயக்காளும் அவள் புருஷன் ஒச்சப்பனும் முப்பத்தோரு வருடமாகக் கிழக்கு. அவர்கள் வீட்டுக் கூரை உச்சியில் இருக்கும் மோட்டு ஓடுதான் எல்லை. முன்னறை தமிழ்நாட்டில், அடுப்படி கேரளத்தில். அதனால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. விடிந்ததும் ஒச்சப்பன் அடுப்படிக்குப் போய்ச் சுக்குக் காப்பி போடுவான். கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நீட்டுவான். அதைக் குடித்து முடிக்கும்வரை மாயக்காள் அவனோடு பேசமாட்டாள். மற்றவர்களோடு பேசுவாள்.

இந்த வருடம் ஒச்சப்பன் தலையில் ஊற்றிய தண்ணீர் மேற்கே ஓடியது.

"வழுக்கை விழுந்துபோச்சுங்க சார். வழுக்கையில ஊத்துன தண்ணி எங்கிட்டு வேணாலும் போகும்" என்றான்.

"தண்ணிக்குத் தெரியும்யா" என்றார் சர்வேயர் குணசீலன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நோட்டில் எழுதினார். அவர் எழுதி முடித்ததும் ஒச்சப்பன் அடுப்படிக்குப் போனான். இனி அங்கேதான் அவனுக்கு இடம்.

முதல் நாள் வித்தியாசம் தெரியவில்லை. மாயக்காள் கையை நீட்டினாள். காப்பி வந்தது. மறுநாள் வீட்டுக்குள் நடை கொஞ்சம் நீண்டிருந்தது. காப்பி ஆறிப்போய் வந்தது. கீழே வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. ஐந்தாம் நாள் ஒச்சப்பன் காலையில் கூப்பிட்ட குரல் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. ஏழாம் நாள் காப்பியை ஜீப்பில் கொடுத்தனுப்பியிருந்தான். மேலே பாசி படர்ந்திருந்தது.

"சூடா இருக்கான்னு அண்ணன் கேக்கச் சொன்னாருக்கா" என்றான் ஜீப்காரன்.

"அவருக்குப் பதில் சொல்லணும்னா நான் மொதல்ல குடிக்கணும்."

"அப்ப குடிங்க."

"சூடா இல்லையே."

ஜீப்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ஏழு நாட்களில் மாயக்காள் புருஷனோடு மூன்று வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. சீப்பை எடுத்து, மேற்கே சரிவு அதிகம் இருக்கும்படி வகிட்டை மாற்றி எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

சர்வேயர் ஒரு மாட்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இன்னொருக்கா ஊத்துங்க சார். நானும் மேக்க போறேன்."

"உன் நெலம் கெழக்க இருக்கேம்மா?"

"இருக்கட்டும். அதுக்கு நடக்கத் தெரியாது."

அவர் ஊற்றினார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. வகிட்டின் மேல் ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. இன்னொரு செம்பு ஊற்றினார். இரண்டு விரல் ஆயிற்று. அவர் போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

"நிக்குதுங்கய்யா... ஆமாங்கய்யா, தலையிலதான்... எல்லைக் கல்லா? ஒண்ணு கொறையுதுங்க. பதினேழாம் நம்பர். போன மழையில தண்ணி குடிக்கக் கீழ எறங்குச்சு, திரும்பல." போனை வைத்தார். "ஏம்மா, நீ எல்லையில உக்காரணும். உக்காந்தா எந்திரிக்கக் கூடாது."

"எல்லையிலருந்து மேக்க எம்புட்டுத் தூரம்?"

"தூரமே கெடையாது. எல்லைக்கு ரெண்டு பக்கமும் பக்கம்தான்."

மாயக்காள் யோசித்தாள். அதிக நேரம் ஆகவில்லை.

மோட்டு ஓட்டுக்கு நேர் கீழே, நடைவாசலில் அவளை உட்காரவைத்தார்கள். சர்வேயர் அவள் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் பதினேழு என்று எழுதினார்.

"கோணாம எழுதுங்க. எம்புட்டுக் காலம் இருக்கப்போகுதோ" என்றாள்.

சர்வேயர் ஏழு என்ற இலக்கத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஒச்சப்பன் தம்ளரோடு அடுப்படியிலிருந்து வந்தான். மூன்று எட்டில் வந்துவிட்டான்.

"என்ன புள்ள, வழிய அடைச்சு உக்காந்திருக்க? தள்ளு."

மாயக்காள் கையை நீட்டினாள். தம்ளர் சுட்டது. முந்தானையால் பிடித்துக்கொண்டாள். ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"தள்ளக் கூடாது மாமா. எல்லைக் கல்ல நகட்டுனா ஜெயிலு."

ஒச்சப்பன் மேற்குப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தான். முதுகை அவள் தோளில் சாய்த்தான்.

அப்போது பள்ளிக்கூடத்தில் மாடுகள் எழுந்தன. ஒவ்வொன்றாக எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டன. ஊரார் காத்திருந்தது இதற்குத்தான். பாத்திரங்களைக் கட்டினார்கள், உப்பு மூட்டைகளை ஏற்றினார்கள். கிழக்குக்காரர்கள் கிழக்கே இறங்கினார்கள். மேற்குக்காரர்கள் மேற்கே இறங்கினார்கள். சர்வேயர் குடையை மறந்துவிட்டுப் போனார். பத்து மணிக்கெல்லாம் முகட்டில் சத்தம் ஓய்ந்துவிட்டது.

"எல்லாரும் போயிட்டாக" என்றான் ஒச்சப்பன்.

"ஆமா. காப்பியில சுக்குப் பத்தல."

ஒச்சப்பன் சுக்குத் தட்ட எழுந்து போனான். மூன்று எட்டுதான்.