கருப்பு இறங்கும் நேரம்

ராம்பிரசாத்துக்கு எதையும் புரட்டிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளத் தெரியாது. போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தில், ஒரு வியாபாரிக்காக மாதிரிக் காய் பார்த்துச் சொல்லும் வேலை அவனுக்கு. தட்டில் கொட்டிய காயை விரலால் பரப்புவான், பச்சையைப் பார்ப்பான், ரெண்டு காயை உடைத்து மோந்து பார்ப்பான், ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கும் என்று லிட்டர் எடை கேட்பான். பிறகு கையிலிருப்பதைத் தரையில் விசிறிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவான். பெண் பார்க்கப் போன வீட்டில் முறுக்கைக்கூட உடைத்து மோந்து பார்த்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தச் சம்பந்தம் கூடவில்லை.

அப்பேர்ப்பட்டவன் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மதியம், பழைய போன் ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குள் இருந்த ஒரு வீரனை எடை போட்டுக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கிய போன். யாரோ வைத்திருந்து விற்றது. விற்றவர்கள் எதையும் அழிக்கவில்லை. ராம்பிரசாத் ஆடும் அதே கோட்டைச் சண்டை விளையாட்டு அதிலும் இருந்தது. தொட்டதும் ‘பாண்டி ஜீப்பு’ என்ற பெயரோடு திறந்துகொண்டது. அடுத்தவன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் எட்டிப் பார்க்கக் கூடாதுதான். ராம்பிரசாத் எட்டிப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே கருப்பு இருந்தான். விளையாட்டுக்காரர்கள் அவனுக்கு வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். கரிய கவசம், முறுக்கிய மீசை, கையில் அரிவாள் மாதிரி வளைந்த கத்தி. போடிப் பையன்கள் அவனைப் பார்த்த மாத்திரத்தில் கருப்பு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சும்மா கிடைக்கிற ஆள் இல்லை. ராம்பிரசாத் இரண்டு வருஷமாக ஆடியும் அவன் கோட்டைப் பக்கம் கருப்பு தலைகாட்டியதே இல்லை. இங்கேயோ ஐந்து நட்சத்திரத்தோடு நின்றான். ஆறாவதற்கு வேண்டிய கல்லும் மணியும் கிடங்கில் தயாராக இருந்தன.

வருகிற சனிக்கிழமை ஆட்டத்தில் குமுளிக்காரர்கள் அணியோடு பெரிய சண்டை. ராம்பிரசாத் சேர்ந்திருந்த ‘மெட்டுப் படை’யில் அவனுக்கு எப்போதும் கடைசி வரிசைதான். தலைவன் திருப்பதி, முந்தல் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவன், “மாப்ளே, நீ சும்மா வேடிக்கை பாரு, போதும்” என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுவான். கருப்போடு போய் நின்றால் அந்த வாய் மூடிவிடும். முப்பது வயதுக்காரனுக்கு இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்டால், ஆமாம், ராத்தூக்கம் கெடுகிற அளவுக்கு ஆசைதான்.

ஆனால் காய் பார்க்கிற கண் சும்மா இருக்குமா? கருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒன்று உறுத்தியது. தாக்குவதற்கு ஒரு புள்ளிகூட ஏற்றவில்லை. வேகத்துக்கும் இல்லை. ஏற்றிய அத்தனையும் காவலுக்கு. பாண்டி ஜீப்பு யாராக இருந்தாலும் சரியான கிறுக்கன் என்று ராம்பிரசாத் முடிவு கட்டினான். புள்ளிகளைக் கலைத்துத் தாக்குதலுக்கு மாற்ற வேண்டும், ஆறாவது நட்சத்திரம் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் கருப்பு சொந்தக் கோட்டைக்குள் இருந்தாக வேண்டும்.

அவன் அங்கே இல்லை. வெளிக்காவலில் இருந்தான். இந்த ஆட்டத்தில் நம் வீரனை வேண்டியவர் கோட்டைக்குக் காவலாக அனுப்பி வைக்கலாம். நாம் கூப்பிட்டால் நடந்து திரும்பி வருவான். கருப்பு நின்றது ‘ரஞ்சனி வீடு’ என்ற பெயருள்ள ஒரு கோட்டை வாசலில். கோட்டை என்று சொல்வதே பாவம். நாலு குடிசை, ஒரு வயல், ஒரு கிணறு. கொள்ளையடிக்கப் போகிறவன் கைக்காசு வைத்துவிட்டு வர வேண்டும். அதன் வாசலில் கருப்பு போன ஐப்பசியிலிருந்து அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

ராம்பிரசாத் ‘திரும்பி வா’வைத் தொட்டான். கருப்பு புறப்பட்டான். வீடு சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று காட்டியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது. ரஞ்சனி வீட்டிலிருந்து.

“இறங்கியாச்சா?”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டாளி யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்து, “ம்” என்று தட்டிவிட்டான். உடனே அடுத்தது வந்தது.

“மலையில மழையாத் தெரியுதுங்க. வளைவுல ஆரன் அடிச்சு மெதுவா வாங்க. சோறு வடிச்சிருறேன்.”

ராம்பிரசாத் போனைத் தள்ளி வைத்தான். பிறகு தன் சொந்தப் போனில் திருப்பதியைக் கூப்பிட்டு, பாண்டி ஜீப்பு என்று யாராவது உண்டா என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டான்.

“எதுக்குடா கேக்குற? விஜயபாண்டி. பொட்டிபுரத்துக்காரன். எஸ்டேட்டுக்கு லேபர் ஏத்துற ஜீப்பு ஓட்டுனான். போன ஐப்பசி மழையில மலை மேல மெட்டுல இருந்து இறங்கையில வண்டி உருண்டு போச்சு. நல்லவேள, வண்டியில வேற ஆளு இல்ல.”

“ரஞ்சனிங்கிறது?”

“பொஞ்சாதி. சிவரஞ்சனி. மேல எஸ்டேட்டுக்குள்ள போனு பேச எடுக்காது மாப்ளே. ஆனா இந்த ஆட்டம் மட்டும் எப்படியோ இழுத்துப் பிடிச்சு ஓடும். அதனால அவன் அவளுக்கும் ஒரு கோட்டை போட்டுக் குடுத்தான். மேல போய்ச் சேந்ததும் கருப்ப அவ வாசலுக்கு அனுப்பிருவான். நல்லபடியா சேந்துட்டேன்னு அர்த்தம். கீழ இறங்கையில திருப்பிக் கூப்பிட்டுக்குவான். ஜீப்பு இறங்குற நேரமும் கருப்பு நடக்குற நேரமும் ஒண்ணா வர்ற மாதிரி தூரம் பாத்துக் கோட்டைய வச்சிருந்தான்டா. அதப் பாத்துத்தான் அவ உலை வைப்பா. எங்க எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.”

“அன்னைக்கு?”

“அன்னைக்கு மழை மாப்ளே. டவர் எடுத்துச்சோ இல்லையோ, மறந்தானோ என்னவோ. கூப்பிடாமயே இறங்கிட்டான்.”

ராம்பிரசாத் போனை வைத்தான். கருப்பு பாதி வழி வந்திருந்தான். செத்தவன் பெயரில் “ம்” என்று பதில் சொன்ன விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், ஏதோ அழுக்கு ஒட்டியது போல. அந்தப் பெண் இத்தனை மாதமாக வாசலில் நின்ற புருஷனைத் தினமும் பார்த்திருப்பாள், நாம் அதையும் பிடுங்கிவிட்டோம் என்று பதறினான். இனி ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. வருகிற வழியிலேயே கருப்பை மடக்கி, மறுபடி ரஞ்சனி வீட்டுக்கே திருப்பி விட்டான். கருப்பு பாதி வழியில் முகம் திருப்பி நடந்தான். புண்ணியம் கட்டிக்கொண்டதாக நினைத்து ராம்பிரசாத் பெருமூச்சு விட்டான்.

அந்த மூச்சு முழுசாக வெளியே வரவில்லை.

“ஏங்க. என்னாச்சு?”

பிறகு, “எங்கன நிக்கிறீங்க?”

பிறகு, “பாதியில ஏன் திரும்பிட்டீங்க?”

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கூப்பிடாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. கூப்பிட்டு, பாதி மலையில் வைத்துக் காணாமல் அடித்துவிட்டான்.

பைக்கை எடுத்தான். காற்று ஆளைத் தள்ளியது. ராசிங்காபுரம் தாண்டும்வரை மலையைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பகலிலேயே மஞ்சி மூட்டம் இறங்கி மேல் பாதியைக் காணோம். பின் சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி வண்டி கனத்தது. சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான்.

பொட்டிபுரத்தில் ஜீப்புப் பாண்டி வீடு என்றதும் காட்டிவிட்டார்கள். அடுப்படியில் சோறு வடித்து வைத்திருந்தது. சிவரஞ்சனி வாசல்படிக்கு உள்ளே, சுவரில் சாய்ந்து, போனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பதுகூட இருக்காது. மாமியார் அய்யம்மாள் சற்றுத் தள்ளி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ராம்பிரசாத் விஜயபாண்டியின் போனை நீட்டினான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். கடையில் வாங்கியது, கூப்பிட்டது, ‘ம்’ போட்டது, பயந்துபோய்த் திருப்பி அனுப்பியது.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவரு செத்துப்போனது எனக்குத் தெரியும்ணே,” என்றாள் சிவரஞ்சனி. “நானுந்தான் பாத்தேன். காரியமும் பண்ணியாச்சு. அழுகையே வரல. ஊருல என்னென்னமோ பேசுனாக. இதத் தொறந்தா மேலதான நிக்கிறாரு. மழையிலயும் நிக்கிறாரு, வெயில்லயும் நிக்கிறாரு. என் போன்ல இருந்து கூப்பிட முடியாது. அந்தப் போனோ, அவரு தம்பி எங்க வித்தாருன்னே சொல்லல.” அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. “இன்னைக்குத்தான் இறங்குனாரு. அதையும் திருப்பி மேல அனுப்பிட்டீகளே.”

ஏலக்கூடத்தில் ஒரு காய் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிறவன், காவலுக்கு ஏற்றிய புள்ளியைப் பார்த்து விஜயபாண்டியைக் கிறுக்கன் என்று நினைத்தானே. ராம்பிரசாத்துக்கு வெட்கமாக இருந்தது.

“மறுபடி கூப்பிடுறேன்மா,” என்றான்.

“கூப்பிடுங்க. இந்தத் தடவ பாதியில கை வைக்காதீங்க.”

கருப்பு திரும்பவும் அவள் வாசலில்தான் நின்றான். ராம்பிரசாத் தொட்டான். புறப்பட்டுவிட்டான். மூன்று பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆட்டத்துக்குள் வெறும் பச்சைத் தரையும் ஒரு கோடும்தான். ஆனால் சிவரஞ்சனிக்கு அந்தக் கோட்டில் எல்லா இடமும் தெரிந்தது.

“எங்கனடி வர்றான்?” என்றாள் அய்யம்மாள், மொச்சையிலிருந்து தலை நிமிராமல்.

“செக்போஸ்ட் தாண்டிட்டாரு அத்தை.”

வெளியே காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கருப்பு நடந்தான்.

ஓர் இடத்தில் சிவரஞ்சனி முந்தானையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். அய்யம்மாளின் கை மொச்சையில் அப்படியே நின்றது. எந்த இடம் என்று யாரும் ராம்பிரசாத்துக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. சார்ஜ் தீர்ந்துவிடுமோ, டவர் போய்விடுமோ, கை பட்டுவிடுமோ என்று அவன் போனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டான். விளையாட்டுதான் இது, விளையாட்டுதான் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. அந்தச் சின்னக் கரிய உருவம் அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கியதை இன்றைக்கும் அவன் சத்தியம் பண்ணிச் சொல்வான்.

“தாண்டிட்டாரு,” என்றாள் சிவரஞ்சனி. அவளுக்கே கேட்காத குரல். பிறகு சத்தமாக, “தாண்டிட்டாரு அத்தை!”

அதன் பிறகு வழி லேசாக இருந்தது. மலையடிவாரத்து முந்தல் வந்தது. அவள் எழுந்து போய் ஆறிய குழம்பைச் சுட வைத்தாள். தட்டைக் கழுவினாள். கருப்பு கோட்டைக்குள் நுழைந்ததும் போனில் ஒரு முரசு ஒலித்தது.

“வந்துட்டானா?” என்றாள் அய்யம்மாள்.

“வந்துட்டாரு அத்தை.”

சொல்லி முடிக்கும் முன்பே சிவரஞ்சனிக்கு அழுகை வந்துவிட்டது. போன ஐப்பசியில் வராத அழுகை. அய்யம்மாள் மொச்சையைத் தள்ளிவிட்டு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “ஏ அப்பு, ஏ அப்பு” என்று மகனைக் கூப்பிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. ராம்பிரசாத்துக்கும் கண்ணீர் இறங்கியது. தன்னை யாராவது கவனிக்கிறார்களா என்றுகூட அவன் பார்க்கவில்லை.

ஓய்ந்த பிறகு சிவரஞ்சனி தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள். யாருக்கு வடித்த சோறு என்று தெரிந்தும் சாப்பிட்டான். சாப்பிட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. கைகழுவிவிட்டுப் போனை எடுத்து அவள் பக்கம் வைத்தான். திரையில் ஆறாவது நட்சத்திரத்துக்கான விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட அவனுக்கு மனசு வரவில்லை.

“இது உங்க வீட்டுலயே இருக்கட்டும்மா. நான் வேற வாங்கிக்கிறேன்.”

சிவரஞ்சனி அந்தப் போனை ரொம்ப நேரம் பார்த்தாள். விரல் நீண்டது. பிறகு, சூடான பாத்திரத்தைத் தள்ளுவது போல அவசரமாக அவனிடமே தள்ளிவிட்டாள்.

“வேணாம்ணே. எடுத்துட்டுப் போயிருங்க. வெரசாப் போங்க. இது இங்க இருந்தா, நாளைக்கு நானே அவர மேல அனுப்பிருவேன்.”