மூன்றாவது பாட்டில்

ஒரு மாதமாக என் அரிசி டின்னுக்குப் பின்னால் மூன்று விஸ்கி பாட்டில்கள் இருந்தன. என் வீட்டில்! அந்தமானில் இந்த மின்னி பே பகுதியில் இத்தனை வீடுகள் இருக்க, குடிகாரனைக் கட்டிக்கொண்டு சீரழிந்தவள் வீடுதான் காண்ட்ராக்டர் பக்தவத்சலத்தின் கண்ணில் பட்டது.

அவர் என் கணவர் சிவஞானத்தின் முதலாளி. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் ரிப்பேருக்கு ஒதுங்கிய ஓர் அமெரிக்கக் கப்பலுக்கு அவருடைய ஆட்கள்தான் மர வேலை செய்து கொடுத்தார்கள். காப்டன் சந்தோஷப்பட்டு மூன்று பாட்டில் கொடுத்திருக்கிறான். போர்பனாம். சோளத்தில் காய்ச்சுகிற அமெரிக்க விஸ்கி. மூன்றுமே வீரியம் கூடியவை. அதிலும் மூன்றாவது, பீப்பாயிலிருந்து தண்ணீரே கலக்காமல் இறக்கியதாம். அதை மட்டும் அங்கேயே திறந்து முதலாளிக்கு ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தானாம். அந்த ஒரு மடக்கின் பெருமையை அவர் போர்ட் பிளேர் முழுக்க அளந்துகொண்டிருந்தார்.

ஆனால் பாட்டிலைத் தம் வீட்டில் வைக்க அவருக்குத் தைரியமில்லை. அவர் மனைவி சுசீலா, சாராய வாடை பட்ட துணியைக்கூடக் கொல்லையில் போட்டுக் கொளுத்துகிறவள். "சிவஞானம் குடிய விட்ட ஆளு. அவன் வீட்ல இருந்தா பேங்க்ல இருக்கற மாதிரி" என்று சொல்லி எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

விட்ட ஆள்தான். விடுவதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று முதலாளிக்குத் தெரியாது. மெட்ராஸில் பேருக்குத்தான் மதுவிலக்கு. நாற்காலிக்கு அடிக்கிற பாலிஷை ரொட்டித் துண்டில் வடிகட்டிக் குடிப்பார் இவர். வடிகட்டிய ரொட்டியையும் பிழிந்து குடிப்பார். அந்த வாந்தியை இந்தக் கையால் எத்தனை முறை வாரியிருக்கிறேன். இன்றைக்கும் யாராவது கதவுக்கு பாலிஷ் அடித்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். தாங்க முடியாமல் அண்ணன் வீட்டோடு போய்விட்டேன். இவர் அந்தமானுக்கு வேலைக்கு வந்து, திருந்தி, தாமே ஊருக்கு வந்து என் எதிரில் நின்று, "தொட்டு நாலு வருஷமாச்சு அலமு. கூட வா" என்று அழுதார். வந்தேன். கப்பலை விட்டு இறங்கும்போதே சொன்னேன்: "ஒரு சொட்டு நாக்குல பட்டுச்சுன்னு தெரிஞ்சாலும் அடுத்த கப்பல்ல ஏறிடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க." சரி என்றார். அந்தச் சரியை நம்பித்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மாயாபந்தர் ஜெட்டியில் கிடங்கு கட்டுகிற வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. மூன்றில் எது உயர்ந்ததோ அதை அவருக்குக் கொடுக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கூடத்தில் சபை கூடியது. முதலாளி வந்தார். கூடவே எஞ்சினியர் ஜெகநாதன். கப்பல் ஆபீஸில் டிக்கெட் கொடுக்கிற ராஜமாணிக்கம். நான் அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன்.

எப்படி ருசி பார்ப்பதென்று சொல்லிக்கொடுக்கிறவர் என் கணவர். யுத்த காலத்தில் கல்கத்தா பக்கம் அமெரிக்கப் பட்டாளத்துக் கேண்டீனில் வேலை பார்த்தவர். போர்பன் என்ற பேரை இந்த ஊரில் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"நீயும் ஒரு வாய் போட்டாத்தானய்யா சொல்ல முடியும்?" என்றார் முதலாளி.

"வேணாம் முதலாளி. நான் மோந்தே சொல்லிடுவேன். நான் தொடறதில்ல."

வறுத்த துண்டைத் திருப்பிக்கொண்டிருந்த எனக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துபோனது. மூன்று பேர் எதிரில், முதலாளி வற்புறுத்தியும், தொடறதில்லை என்று சொல்கிற புருஷன். இவரையா சந்தேகப்பட்டு ஒரு மாதமாகத் தூங்காமல் கிடந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

முதல் பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, இரண்டு கையையும் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோனார். "மொதல்ல ஸ்பிரிட் போயிடும் சார். அப்புறம் நிக்கிறதுதான் சரக்கோட வாசன. கிளாஸ்ல மோந்து பாக்கறப்ப வாயத் தொறந்து வச்சுக்கணும். அப்பத்தான் காரம் மூக்க அடிக்காது."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் வாயைப் பிளந்தார்கள். வெற்றிலைக் கறை, சொத்தைப் பல், பல்லிடுக்கில் மீன் முள். அடுப்படி வாசலிலிருந்தே எல்லாம் தெரிந்தது. படித்த மனிதர்கள் கிளாஸுக்கு மேல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற கோலத்தைப் பார்த்து எனக்கு மீனே இறங்காது போலிருந்தது.

"கொஞ்சமா எடுத்து, உடனே முழுங்காம, வாய்க்குள்ளயே மென்னு பாக்கணும்."

மென்றார்கள். களக் களக்கென்று கொப்பளித்தார்கள். எஞ்சினியர் தாடையை ஆட்டி ஆட்டிக் குதப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலஞ்சு ரகம் பாக்கறதா இருந்தா அமெரிக்காக்காரன் துப்பிடுவான் சார்."

"துப்பறதா? மெட்ராஸ்ல இதுக்காக ஜெயிலுக்குப் போறான். நான் துப்பணுமா?" என்று எஞ்சினியர் விழுங்கி, ஏப்பம் விட்டார். ராஜமாணிக்கம் மட்டும் சொன்னபடி கேட்டார். ஜன்னல் வழியாக எட்டித் துப்பினார். அங்கேதான் என் கறிவேப்பிலைக் கன்று இருக்கிறது. மெயின்லேண்டிலிருந்து மண்ணோடு கொண்டுவந்து வைத்து, இப்போதுதான் துளிர் விட்டது.

"கரி வாடை அடிக்குதே" என்றார் முதலாளி.

"பீப்பாய உள்பக்கம் கருக்கிட்டுத்தான் ஊத்தி வைப்பான் முதலாளி. அது நல்ல சரக்குக்கு அடையாளம்."

"எனக்குச் சப்புனு இருக்கு" என்றார் ராஜமாணிக்கம்.

இரண்டாவதற்கும் அதே கூத்து. என் கணவர் அதில் மட்டும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னார். "தோடா பானி சார். ரெண்டே சொட்டு. பூ மாதிரி விரியும் பாருங்க." விரிந்ததோ என்னவோ, கருக்கிய சர்க்கரைப் பாகும் மர இழைப்பும் கலந்த ஒரு வாடை கூடத்தை நிறைத்தது. இவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நான் முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வேகம் பத்தல" என்று தீர்ப்புச் சொன்னார் எஞ்சினியர். இவர்களெல்லாம் மெட்ராஸில் வார்னிஷையும் திருட்டுச் சாராயத்தையும் குடித்து நாக்கைப் பழக்கினவர்கள். தொண்டையை அறுக்காவிட்டால் அது இவர்களுக்குச் சரக்கே இல்லை.

மூன்றாவதைத் திறந்தபோது என் கணவர் கையில் தேய்க்கவில்லை. நேராகக் கிளாஸில் ஊற்றினார். "இதுல தண்ணி விடாதீங்க முதலாளி. ஒரு சொட்டுகூட. பீப்பாயிலேர்ந்து அப்படியே வந்தது. தண்ணி பட்டா குணம் போயிடும்" என்றார்.

குடித்தார்கள்.

"ஐயோ, உதடு மரத்துப் போச்சுய்யா!" என்றார் ராஜமாணிக்கம்.

"நாக்கு இருக்கா இல்லையான்னே தெரியல" என்றார் எஞ்சினியர். மரத்த உதட்டின் ஓரமாக எச்சிலும் விஸ்கியும் சேர்ந்து வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கின. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

முதலாளி தொடையில் தட்டினார். "இதுதான்யா வீரியம்! ஏக்தம் அஸ்லி மால், அசல் சரக்கு! கப்பல்ல குடிச்ச அதே ருசி. இதத்தான் டெல்லிக்காரருக்குக் குடுக்கறோம்." விரலைக் கிளாஸுக்குள் விட்டு வழித்து நக்கினார். பிறகு அதே விரலால் என் மீன் தட்டைக் கிளறினார்.

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. பாட்டிலுக்கு மூன்றாகக் கிடந்த எச்சில் கிளாஸ்களைப் பின்கட்டுக்கு எடுத்துப் போய், ஒவ்வொரு பாட்டிலின் மிச்சத்தையும் ஒரு கிளாஸில் சேர்த்தேன். டிரம்மிலிருந்து மொண்டு முதல் கிளாஸில் தண்ணீர் ஊற்றினேன். தேநீர் நிறம் வெளுத்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஊற்றினேன். கிளாஸ் முழுக்க அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாகத் திரண்டது.

கூடவே ஒரு வாசனை மேலே வந்தது. கிராம்பு.

எச்சில் கிளாஸ் என்பதையும் மறந்து ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். வெல்லம் கருகின கசப்பு. அதற்கடியில் காட்டுக்குள் காய்ச்சுகிற சாராயத்தின் புளிச்ச நாற்றம். பிறகு நாக்கு நுனி மரத்தது. அந்த மரப்பு எனக்கு நன்றாகத் தெரியும். பல்வலி வந்தால் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்துக்கொள்ள, ஹபீப் முகம்மது பாய் கடையில் வாங்கி வைத்த கிராம்புத் தைலம். அலமாரியைத் திறந்து பார்த்தேன். பல்வலி வந்தே பல மாதமாகிறது. தைல பாட்டில் அடிவரை காலி.

காப்டன் திறந்து கொடுத்த பாட்டில் அது ஒன்றுதான். மற்ற இரண்டும் சீல் உடையாதவை. அடுத்த தெரு ஜெயமணி வீட்டுக்கு முறுக்குச் சுற்ற, தையல் மிஷினில் தைக்க என்று நான் போன மத்தியானங்களில், இவர் அரிசி டின்னை நகர்த்தியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக முழு பாட்டிலையும் முடித்துவிட்டு, காட்டுச் சாராயத்தில் வெல்லத்தைக் கருக்கிப் போட்டு, வீரியத்துக்குத் தைலத்தை ஊற்றி நிரப்பியிருக்கிறார். சில நாட்கள் வாயில் கிராம்பு மணக்க வருவார். பீடியை விடுவதற்காகக் கிராம்பு மெல்கிறார் என்று அதற்கும் நான் மகிழ்ந்தேன். என்னைப் போல் ஒரு முட்டாள் இந்தத் தீவுகளில் இருக்க மாட்டாள்.

கூடத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "குடிக்காமலே இவ்ளோ கரெக்டா சொல்றியே, நீ பெரிய ஆளுய்யா" என்று முதலாளி இவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. அந்த வெள்ளைத் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. கூடத்துக்குக் கொண்டுபோய் இவர் எதிரில் நீட்டினேன்.

"ஏங்க, எல்லாரும் இவ்வளவு சொல்றாங்களே. நீங்களும் ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க."

"அடேங்கப்பா! வீட்டம்மாவே பர்மிட் குடுத்துட்டாங்க!" என்று எஞ்சினியர் கை தட்டினார்.

இவர் டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தார். முகம் வெளுத்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில்கூட என் மனசு என்ன நினைத்தது தெரியுமா? கீழே வைத்துவிடு. வேண்டாம் அலமு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. தைலத்தையும் பாட்டிலையும் நான் பார்த்துக்கொள்கிறேன், முதலாளியிடம் வாயே திறக்க மாட்டேன். கும்பிடாத குறையாக அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் குடித்தார். பயத்தில், மறைப்பதற்காகக் குடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிக் குடித்திருந்தால் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு வைத்திருப்பார். இவர் நிதானமாகக் குடித்தார். மூன்று பேரின் எச்சிலும் டிரம் தண்ணீரும் கலந்த அந்தக் கழுநீரை வாயில் வைத்துக் குதப்பி, கண்ணை மூடி, இறக்கினார். டம்ளரைத் தலைக்கு மேல் கவிழ்த்து, அடியைத் தட்டி, கடைசிச் சொட்டையும் நாக்கை நீட்டி வாங்கினார். விளிம்பை நக்கினார்.

"எப்படிய்யா?" என்றார் முதலாளி.

"நல்லாருக்கு முதலாளி." குரலே மாறியிருந்தது. பாலிஷ் குடித்த நாட்களின் குரல். "அந்த ரெண்டாவதுல கொஞ்சம் ஊத்துங்க. ஒத்துப் பாத்தாத்தான சொல்ல முடியும்." டம்ளரை நீட்டினார். முதலாளி சிரித்துக்கொண்டே பாட்டிலைச் சாய்த்தார்.

நான் ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினேன்.

"அடுத்த மெட்ராஸ் கப்பல்ல ஒரு சீட்டு வேணும் சார்."

மரத்த உதட்டோடு அவர் சிரித்தார். "யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

எஞ்சினியர் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி ஊற்றுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். நான் சொன்னது இவருக்கும் கேட்டது. கேட்டதென்று கண்ணிலேயே தெரிந்தது.

டம்ளர் பாதிதான் நிரம்பியிருந்தது. அவர் அதை இன்னும் நீட்டியபடியே இருந்தார்.