ஜொம்ரேயின் பக்கத்தில் ஒரு முத்திரை

சியோல் தையல் ஆலையில் மதிய மணி அடித்ததும் ஜொம்ரே ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கூட வேலை பார்க்கும் மல்சூன் தங்கள் ஆலை வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகம் அது.

"அக்கா, நடைபாலத்துல விரிச்சு விக்கிறவன்கிட்ட பாதி விலைக்குக் கிடைச்சுது! உங்க முத்திரையைக் குத்திக் குடுங்க."

மல்சூன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பதிப்பகம் அச்சடித்த ஒவ்வொரு பிரதிக்கும் அவளே தன் பெயர் பொறித்த மர முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு, தோள் விட்டுப்போகச் சின்னச் சீட்டுகளில் குத்திக் கொடுத்திருந்தாள். சீட்டு ஒட்டியிருந்தால்தான் அது அவள் சம்மதித்த புத்தகம். இதில் சீட்டு ஒட்டும் கட்டம் வெறுமையாக இருந்தது.

"இது திருட்டு அச்சுடி."

ஜொம்ரேயின் முகம் செத்துப்போனது. "ஐயோ, உங்க சோத்துல நானே மண்ணைப் போட்டுட்டேனே அக்கா."

"வாயை மூடு. மண்ணைப் போட்டவன் அச்சடிச்சவன்."

மல்சூன் பையில் கிடந்த முத்திரையையும் மையையும் எடுத்தாள். அந்தக் கட்டத்தில் குத்தினால் திருடனுக்குச் சம்மதம் சொன்னதாகிவிடும். குத்தாமல் அனுப்பவும் மனம் வரவில்லை. பக்கங்களைப் புரட்டினாள். தான் காய்ச்சலில் கிடந்த நாளில் ஜொம்ரே இரண்டு மெஷினையும் ஓட்டியதை எழுதிய பக்கம் வந்தது. அங்கே ஜொம்ரேயின் பெயருக்குப் பக்கத்தில் அழுத்திக் குத்தி, ஈரம் காய ஊதினாள்.

"இந்தப் பக்கம் உன்னோடது. இதை எவனும் திருட முடியாது."

ஜொம்ரே மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "அப்போ இந்தப் போலிப் புத்தகத்துல நான் ஒருத்திதான் அசலா, அக்கா?"

"ஆமாடி. சோறு ஆறுது, வா."