வாயில் போடும் சிலுவை

1

இந்தக் கதை தெருக்குழாயடியில், ஒரு குடம் நிரம்புவதற்கு முன்னம் பிறந்தது. பெற்றது யார் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1942ஆம் ஆண்டு, பாஸ்குத் திருநாள் கழிந்த வியாழக்கிழமை காலை, திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் ஜப்பான்காரனுடைய விமானங்கள்..."

நிறுத்திவிட்டேன். விமானங்களை நான் பார்க்கவே இல்லை. குசினி மேசைக்குக் கீழே கிடந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வேலியும் அதற்கு அங்கால் நடப்பதும்தான்.

இரண்டாவது தொடக்கம்: "குண்டு விழுந்த மறுநாள் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஒரு கதை பரவியது."

இது நல்லாயிருக்கிறது. புகை மாதிரித் தானாகப் பரவியது. ஒருவருடைய பேரும் தேவையில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

வேலிக்கு அங்கால் பாக்கியரத்தினம் அக்கா. கப்பல்காரரின் காற்சட்டைகளைத் தைத்துக் கொடுத்துச் சீவிக்கிற மனிசி. கோவிலில் எனக்கு முன் வாங்கில் இருக்கிறவ. சுவாமி சுவிசேஷம் வாசிக்கத் தொடங்கும்போது பெருவிரலால் நெற்றியில், வாயில், நெஞ்சில் சிலுவை போடுவோம் அல்லவா? தபசு காலத்தில் அக்கா ஒரு நேர்த்தி வைத்தா. வீட்டிலும் சந்தையிலும்கூட, வாய் திறக்குமுன் உதட்டில் ஒரு சிலுவை. "என்ர வாயில நீரே இரும் ஆண்டவரே" என்று மனசுக்குள் கேட்பதாம். சொல் வந்தால் பேசுவது, வராவிட்டால் சும்மா இருப்பது.

தபசு முடிந்து பாஸ்குவும் வந்து போய்விட்டது. நேர்த்தி மட்டும் முடியவில்லை.

மீன்காரன் பட்ட பாட்டை வேலி ஓட்டையால் நான் பார்த்தேன்.

"அக்கா, கும்பிளா எடுக்கிறியளோ இல்லையோ?"

பெருவிரல் உதட்டுக்குப் போகிறது.

"நீங்கள் கடவுளைக் கேட்டு முடியிறதுக்குள்ள மீன் நாறிப்போகும் அக்கா!"

நான் சும்மா இருப்பேனா? "உங்கட ஆண்டவருக்கு வேற வேலை இல்லையோ? கும்பிளா விலை பேசுறதுக்கும் அவர்தான் வரவேணுமோ?" என்று கேட்டேன்.

சிலுவை போட்டா. காத்திருந்தா. பிறகு சொன்னா: "விலைக்கில்லைத் தங்கச்சி. மீன்காரனை ஏசிப்போடுவன் எண்டுதான்."

(நான் கோவிலில் நெற்றியிலும் நெஞ்சிலும் மட்டும் போடுகிறவள். என் வாய்க்கு வேறு வேலை இருக்கிறது.)

3

பரவிய கதை இதுதான்.

எதிர் வீட்டு அன்ஸார் தோணிக்காரர். மூதூரிலிருந்து விறகும் மரக்கறியும் ஏற்றி வருகிறவர். தோணியின் நனைந்த பாய்ச்சீலையை முன்பெல்லாம் கடற்கரை மணலில் விரித்துக் காயவைப்பார். பட்டாளத்தார் கரை முழுக்க முள்ளுக்கம்பி அடித்த பிறகு வீட்டுத் தகரக் கூரையில் விரிக்கத் தொடங்கினார். அந்த வியாழன் விடியவும் விரித்தார். புதுச் சீலை, வெள்ளை வெளேரென்று. ஒரு மணித்தியாலத்தில் விமானம் வந்தது.

மறுநாள் குழாயடியில் ஒருத்தி சொன்னாள்—

ஒருத்தி என்றால் ஒருத்தி. யாரென்று கேட்காதீர்கள்.

"அன்ஸார் கூரையில வெள்ளை விரிச்சு ஜப்பான்காரனுக்கு வழி காட்டினவராம்!"

எல்லோரும் சிரித்தோம், பாக்கியரத்தினம் அக்காவைத் தவிர. மூன்று நாள் பயத்தை ஒரே நாளில் பயந்தவர்களுக்கு ஒரு பகிடி தேவைப்பட்டது, அவ்வளவுதான். பகல் சாப்பாட்டுக்குள் அது சந்தைக்குப் போனது. பகிடியைச் சந்தையிலேயே கழற்றி வைத்துவிட்டு, மிச்சத்தோடு துறைமுகத்துத் துரைமாரின் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தது.

4

சனிக்கிழமை காலை பத்து மணி. ஒழுங்கையில் பட்டாள லொறி. சுடத் தயாராக இரண்டு துவக்குக்காரர், ஒரு இங்கிலீசுத் துரை, மொழிபெயர்க்க ஒரு கிளாக்கர். அன்ஸாரைக் கொண்டுவந்து லொறியோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். ஒழுங்கையில் பாதிப்பேர் குண்டுக்குப் பயந்து வண்டி கட்டித் தம்பலகாமத்துக்குப் போய்விட்டதால், விசாரிக்க ஆள் குறைவு. பொய் சொல்லாத மனிசி என்று யாரோ கைகாட்ட, பாக்கியரத்தினம் அக்காவின் படலையைத் தட்டினார்கள்.

"அம்மா, வியாழன் காலமை இந்த ஆள் கூரையில வெள்ளைச் சீலை விரிச்சவரோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ. வேற கதை துரைக்கு வேண்டாம்."

ஓம் என்றால் உண்மை. அன்ஸார் லொறியில் ஏறவேண்டும். இல்லை என்றால் பொய்.

பெருவிரல் உதட்டுக்குப் போனது.

அன்ஸாரின் மனைவி லைலா ஓடி வந்தா. "ஒரு சொல்லுச் சொல்லுங்களேன் அக்கா! அது தோணிச் சீலை எண்டு உங்களுக்குத் தெரியாதா? என்ட புள்ளைகளைப் பாருங்க!"

"நீங்கள் கதைக்கவேண்டாம்," என்றார் கிளாக்கர். துரை மணிக்கூட்டைப் பார்த்தார். "அம்மா, பேசாமல் நிண்டால் ஓம் எண்டுதான் எழுதுவம்."

அக்காவின் பெருவிரல் உதட்டிலேயே இருந்தது. அன்ஸாரின் சாரனை ஒரு துவக்குக்காரன் பிடித்தான்.

(இந்த இடத்தில் அவமேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினேன்: 'இவவின் ஆண்டவருக்கு அன்றைக்கென்று காது...' அடித்துவிட்டேன். இவ்வளவு நல்ல பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களோ என்ற பயமும் இருந்தது. ஒரு குறை வைக்கலாமென்று பார்த்தால், குறை ஏற்கெனவே இருக்கிறது: அவ காத்திருந்த நேரமெல்லாம் லைலாவும் காத்திருக்கவேண்டி வந்தது.)

அக்கா கையை இறக்கினா. துரையைப் பார்க்கவில்லை. வேலி ஓட்டைக்கு நேரே திரும்பினா.

"விரிச்சவர். மிச்சத்தைச் சொல்லவேண்டிய ஆள் நான் இல்லை. அந்த வேலிக்குப் பின்னால நிக்கிற தங்கச்சி."

ஏன், காயப்போட்ட சீலை என்று அவவே சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் துரை அதையும் ஒரு கதையாக எழுதிக்கொண்டு போயிருப்பார். கதையை நிறுத்த, கதையைத் தொடங்கியவள் வரவேண்டும். இது அவவுக்குத் தெரிந்திருந்ததா, ஆண்டவரால் கொடுக்கப்பட்டதா, எனக்குத் தெரியாது. எல்லாத் தலைகளும் என் வேலிப் பக்கம் திரும்பின.

5

முடிவு ஒன்று: நான் வெளியே வருகிறேன். "பகிடிக்குச் சொன்னனான்" என்கிறேன். அன்ஸார் வீட்டுக்குப் போகிறார், லொறியில் நான் ஏறுகிறேன்.

முடிவு இரண்டு: "எனக்கொண்டும் தெரியாது" என்கிறேன். லொறி அன்ஸாரோடு போகிறது. கூரையில் சீலை எடுப்பாரில்லாமல் கிடக்கிறது.

முடிவு மூன்று: அந்த நேரம் பார்த்து அபாயச் சங்கு ஊதுகிறது, எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடுகிறார்கள், குழப்பத்தில்... சீ. இது எழுதுகிறவள் தப்புகிற முடிவு.

6

தொடக்கத்தைத் திருத்தவேண்டும். "ஒரு கதை பரவியது" என்பதை அடித்துவிட்டேன். இப்போது இப்படி:

"குண்டு விழுந்த மறுநாள், குழாயடியில், என் குடம் நிரம்புவதற்கு முன்னம், அன்ஸாரைப் பற்றி அந்தக் கதையைச் சொன்னனான். நான்தான்."

இதை எழுத என் பெருவிரல் மூன்று தரம் உதட்டுக்குப் போனது. அன்றைக்கு வேலிக்குப் பின்னாலும் போனது, அதுவரை உண்மை. அதன் பிறகு என் வாயில் வந்த சொல்லை இங்கே எழுதமாட்டேன்.

நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் போய், "காட்டிக் குடுத்தவளாம்" அல்லது "காப்பாத்தினவளாம்." எனக்குத் தெரியாதா உங்களை? நானும் அப்படிப்பட்ட ஆள்தானே. லைலா இன்னும் எதிர் வீட்டில்தான் இருக்கிறா. நீங்கள் எதைச் சொன்னாலும் இரண்டு நாளில் அவவின் காதுக்குப் போய்விடும்.

ஆகவே முதலில் பெருவிரலை எடுங்கள். நெற்றியை விடுங்கள், நெஞ்சை விடுங்கள். வாயில்.

குடம் நிரம்பட்டும்.