இடது முன் சக்கரத்துக்கு ஒரு முட்டு

வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'இன்னொருதடவை' என்று பெயர். முப்பத்தோரு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தத் திருகை முறுக்கினாலும், எந்தக் கதவைச் சாத்தினாலும், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்" என்பார். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் கேலி செய்கிறவர்களே லிஃப்ட் குழிக்குள் இறங்கும் நாளில், மேலே அவர்தான் நிற்க வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தை இன்னொரு தடவை யோசிக்காமல் செய்தார். ஆறு வருடம் ஓடிய ஒரு சொகுசு காரை வாங்கினார்.

பவிசு காட்ட வாங்கவில்லை. மனைவிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி இரண்டு கம்பியும் ஆறு திருகாணியும் உள்ளே இருக்கின்றன. அதன் பிறகு சாதாரணக் காரில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் அவள் முகம் வெளுத்துவிடும். பஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வியாழக்கிழமைதோறும் நாற்பது கிலோமீட்டர் போயே ஆக வேண்டும். அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவளுடைய அக்கா இருக்கிறாள். தாயில்லாத வீட்டில் தங்கையைத் தூக்கி வளர்த்தவள். இப்போது அக்காவுக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகிறது. பெற்ற மகனை மறந்துவிட்டாள். தங்கை வந்து தலை சீவிவிடும்போது மட்டும் தங்கை என்று தெரிகிறது. ஒரு தடவை, ஒரே ஒரு வாரம் போக முடியாமல் அதற்கடுத்த வாரம் போனபோது, "நீ யாரும்மா?" என்று கேட்டாள்.

அதற்காகத்தான் கார். விற்பவருடைய இடத்திலேயே மனைவியை உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். வேகத்தடை மேல் ஏறி இறங்கிய பிறகு அவள், "இப்ப ஏதாவது மேல ஏறினோமா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக நாலு சக்கரத்துக்கும் நாலு காற்றுப் பை வைத்த வண்டி அது. விற்றவர் கொடுத்த ஒரு வருட வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. முடிந்த மறுநாளிலிருந்து, பழைய கார்களுக்கென்றே வாரண்டி நீட்டித்துத் தரும் ஒரு கம்பெனியிலிருந்து போன் வரத் தொடங்கியது. குரல் தேன் மாதிரி இருக்கும். விஷயம்தான் கசக்கும்.

"சார், பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. கியர்பாக்ஸ் போச்சுன்னா உங்க வண்டி விலையில பாதி. அந்தக் காத்துப் பை சஸ்பென்ஷன் போச்சுன்னா விலையில மூணுல ஒரு பங்கு. இதெல்லாம் சொல்லிட்டுப் போறதில்ல சார், நடுரோட்டுலதான் போகும்."

நடுரோடு என்ற சொல் அவர் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. நெடுஞ்சாலை ஓரம், லாரிகள் பாயும் வெயில், இழுத்துப் போகும் வண்டியின் உயரமான படியில் ஏற முடியாமல் நிற்கும் மனைவி. இந்தப் படம் சாப்பிடும்போதும் வந்தது, குளிக்கும்போதும் வந்தது. ஆனாலும் வாரண்டிக்குக் கேட்ட தொகை கொஞ்சநஞ்சமல்ல. எடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் மதில்மேல் பூனையாக இருந்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஷெட்டில் காரை நிறுத்தி இறங்கியபோது, இடது முன் சக்கரத்தின் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. 'ஸ்ஸ்ஸ்.' அவ்வளவுதான், மூன்று விநாடி. வேறு யாராவது இருந்தால் வீட்டுக்குள் போய்க் காபி குடித்திருப்பார்கள். இவருடைய காது முப்பத்தோரு வருடமாகக் கயிறும் உருளையும் முனகுவதைக் கேட்டே பிழைத்த காது. டேப்பை எடுத்து வந்து சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் இடையே அளந்தார். மறுநாள் காலையில் மறுபடி அளந்தார். ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

லிஃப்ட்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கூண்டுக்கு அடியில் இறங்கும் முன் அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிரேக்கை நம்பாதே, கயிற்றை நம்பாதே, கட்டையை நம்பு. அன்று சாயங்காலமே வேலையிடத்திலிருந்து கனமான மரக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். காரின் இடது முன்பக்க அடியில் வைத்து, இடைவெளியில் ஆப்பைச் செருகி, சுத்தியால் தட்டினார். இறுகிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தட்டும் தட்டினார்.

அன்றைக்கு 'ஸ்ஸ்ஸ்' பத்து விநாடி கேட்டது. மறுநாள் இருபது. ஒரு வாரம் கழித்து, காற்றுப் பை ஒட்ட ஒட்ட மூச்சு விட்டுத் தீர்த்தது. ஒவ்வொரு காலையும் வண்டியைக் கிளப்பியதும் உள்ளே எங்கோ ஒரு பம்ப் மூச்சிரைக்க வெகுநேரம் ஓடி, வண்டியைத் தூக்கி நிறுத்தும். அவர் கட்டையை உருவி, பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். முட்டு மட்டும் இல்லாவிட்டால் வண்டி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நடுங்குவார்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. வாரண்டி கம்பெனிக்குப் போன் செய்து, எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"ரொம்ப நல்ல முடிவு சார். வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன பரிசோதனை. ஏற்கெனவே இருக்கிற பழுதுக்கு மட்டும் வாரண்டி கிடையாது, பாருங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

புதன்கிழமை காலை காரைக் கம்பெனி சொன்ன பட்டறைக்கு ஓட்டிப் போனார். அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார். அவர் வாழ்நாளில் ஒரு லிஃப்டின் பதிவேட்டில்கூடப் பொய் எழுதியதில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதும் பொய்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் மூடிக்கொண்டிருந்தார். கக்கத்தில் வேர்வை ஆறாக ஓடியது.

சோதிக்க வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். காதில் பென்சில், கையில் டார்ச். காரைத் தூக்கி நிறுத்தி அடியில் போனாள். முதலில் விசிலடித்தபடி பார்த்தாள். இடது முன்பக்கம் வந்ததும் விசில் நின்றுபோனது.

"சார், கொஞ்சம் இங்க வாங்க. இங்க என்ன வெச்சீங்க?"

டார்ச் வெளிச்சத்தில் காரின் அடிவயிற்றில் சதுரமாக ஒரு பள்ளம் தெரிந்தது. கட்டையின் அளவு அச்சாக விழுந்திருந்தது. அவர் திருதிருவென விழித்தார். பிறகு உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னார்: சத்தம், டேப், கட்டை, ஆப்பு, இன்னொரு தட்டு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

"சார், முதல் நாள் கேட்ட சத்தம் பழுதே இல்ல. நிறுத்தினதும் வண்டி தன்னைத்தானே சமம் பண்ணிக்கும், அப்ப கொஞ்சம் காத்த விடும். ராத்திரி குளிருல ஒரு விரல் இறங்கறதும் சகஜம். நீங்க ஆப்பு அடிச்சுத் தூக்கினதும், அந்த மூலை உசரமாயிடுச்சுன்னு வண்டி நினைச்சுக்கிச்சு. இறக்கணும்னு காத்த விட்டுது. கட்டை இறங்க விடல. இன்னும் விட்டுது. பை காலியாற வரைக்கும் விட்டுது. காலையில பம்ப் முதல்லேருந்து நிரப்பணும். தினமும்." கையிலிருந்த கருவியைக் காரில் செருகிப் பார்த்தாள். "ஒரு வருஷத்துல ஓட வேண்டியத உங்க பம்ப் மூணு வாரத்துல ஓடியிருக்கு."

"அப்ப, நல்லா இருந்த வண்டியை..." என்று இழுத்தார்.

"நான் இதை எழுதித்தான் ஆகணும் சார். எழுதினா சஸ்பென்ஷனை விட்டுட்டு மத்ததுக்குத்தான் வாரண்டி தருவாங்க. காசு அதேதான் கேப்பாங்க."

"எழுதும்மா. உன் இடத்துல நான் இருந்தாலும் எழுதுவேன்."

அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். எழுதிவிட்டுக் குரலைத் தணித்தாள். "கம்பெனிக்காரி சொல்லக் கூடாது, சொல்றேன். அந்தக் காசுல பாதி போதும், புது பம்ப் போட்டுடலாம். வர பத்து நாள் ஆகும்."

"அது வரைக்கும் இது ஓடுமா?"

"ஓடும். ஓடாமலும் போகலாம். கட்டை மட்டும் வைக்காதீங்க."

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "நாளைக்குப் போக வேண்டாம்மா. வண்டி சரியில்ல. பத்து நாள் போகட்டும்."

மனைவி சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பின்னால் பாத்திரம் ஒன்றை எடுக்கத் திரும்பினாள். அவர் பாய்ந்து போய் அவள் முதுகுக்குக் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"பத்து நாள் கழிச்சுப் போய் நான் யாருன்னு சொல்லிக்கிறது?"

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கட்டையாலதானே?" என்றாள்.

"உனக்கு எப்படி..."

"இந்த ஜன்னல்லேருந்து ஷெட் தெரியாதா? மூணு வாரமா பாக்கறேன். தினம் சாயங்காலம் ஏதோ சாமிக்குப் பண்ற மாதிரி மண்டி போட்டுத் தட்டறீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டறையில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தார். கோபத்தைவிட மோசமாக அவள் மெதுவாகப் பேசினாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படக் கூடாது. என்னையும் இப்படித்தான் வெச்சிருக்கீங்க. குனிஞ்சா கை, எந்திரிச்சா கை, படியில கை. பிசியோ என்ன சொன்னாங்க? ஆறு மாசத்துல பிடிக்காம நடக்கணும்னாங்க. இப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு. என் கால் தானா என்ன செய்யும்னு எனக்கே தெரியாமப் போச்சு. நீங்க தாங்கத் தாங்க நான் இறங்கிட்டே இருக்கேன்."

அவருக்குச் சுருக்கென்றது. அழுகை வந்தது, வந்ததை மறைக்கவும் தோன்றவில்லை.

"நாளைக்குப் போறோம்," என்றாள் அவள்.

வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பினார்கள். பம்ப் இரைந்து வண்டியை நிமிர்த்தக் கூடுதலாக ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த நாற்பது கிலோமீட்டரும் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார். பாலத்தின் இணைப்பில் சக்கரம் தட்டும்போதெல்லாம் இதோ இறங்கப் போகிறது என்று தோன்றியது. இருபதாவது கிலோமீட்டரில் கண்ணாடிக்குக் கீழே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அவருக்கு மனைவியைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியமில்லை. கண்ணாடி துடைக்கும் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம், அவ்வளவுதான்.

இல்லத்தின் முன்னால் நிறுத்தினார். கார் நிற்குமிடத்திலிருந்து கதவு வரைக்கும் சிமெண்ட் பாதை; இருபத்திரண்டு எட்டு. ஒவ்வொரு வாரமும் அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிற தூரம், அதனால் எண்ணிக்கை அத்துப்படி. இறங்கி வந்து கையை நீட்டினார்.

"நீங்க இங்கயே இருங்க," என்றாள்.

அவள் கதவைப் பிடித்து எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அதில் அக்காவின் சீப்பு இருந்தது. நடந்தாள். ஒன்று. இரண்டு. அவர் கார்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குழிக்குள் ஆளை இறக்கிவிட்டு மேலே நிற்கும்போதுகூட இப்படிப் பயந்ததில்லை. அங்கே கட்டையாவது இருக்கும்.

ஏழாவது எட்டில் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்காவிட்டால் அந்தச் சத்தத்துக்கு அவள் திரும்பிவிடுவாள், திரும்பினால் விழுந்துவிடுவாள் என்று அவசரமாக எடுத்தார்.

"சார், வணக்கம். இன்னிக்குத்தான் கடைசி நாள். சஸ்பென்ஷன் மட்டும் இல்லாம, மத்த எல்லாத்துக்கும்..."

"வேண்டாம்மா."

"நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"தெரியலம்மா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பதிமூன்றாவது எட்டில் அவளுடைய இடது கால் இழுத்தது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அவருடைய உடம்பு அவரைக் கேட்காமலே இரண்டடி முன்னால் போய்விட்டது. அங்கேயே நின்றார். எப்படி நின்றார் என்று பிற்பாடு கேட்டிருந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் கைகளை விரித்து, ஆடி, ஆடி, நிலைக்கு வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த எட்டு வைத்தாள்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. தாதி ஒருத்தியும், அவளுக்குப் பின்னால் சக்கர நாற்காலியும் தெரிந்தன.

"ஏண்டி இவ்ளோ நேரம்?" என்றது அக்காவின் குரல். "தலைகூட சீவாம உக்காந்திருக்கேன்."

அவள் உள்ளே போக, கதவு மூடிக்கொண்டது. அவர் காரின் மேலேயே சாய்ந்துகொண்டார். அப்போது இடது முன் சக்கரத்தின் பக்கம் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. மூன்று விநாடிதானா, இல்லை அதற்கு மேலா என்று எண்ணத் தொடங்கியவர், பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டு, மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார்.